எண்ணக் கூடாத மாடுகள்

மொன்ட்ரியாலில் நான் இறங்கிய அன்று நல்ல வெயில். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தேரிக்காட்டில் இருபது வருடம் செடி பொறுக்கியவள் நான். வெயிலைக் கண்டால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளத்தான் எனக்குத் தெரியும். கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி ஒய்யாரமாக வெளியே வந்தேன். மூக்குக்குள் இருந்த ஈரம் அப்படியே உறைந்துபோனது.

“மேடம், முதல்ல கோட்டைப் போடுங்க. மைனஸ் பதினாலு,” என்றபடி ஓடிவந்தாள் மீனா. என்னிடம் தாவரவியல் படித்துவிட்டு கம்ப்யூட்டருக்குப் போனவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் தன் கையுறையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டுத் தன் கைகளை இடுக்கிக்கொண்டு கார் வரை நடந்தாளே, அப்போது பாதி தீர்ந்தது.

கர்க்லாண்டில் அவள் வீடு. பனியில் புதைந்த தெரு, எல்லா வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி மண்வெட்டி. மார்ச் பிறந்துவிட்டது, வசந்தம் வரப்போகிறது என்று அவள் கணவர் சொன்னார். எந்த ஜன்னல் வழியாக என்று கேட்க நினைத்தேன். சாம்பாரும் உறைபெட்டி முருங்கைக்காயும் போட்டார்கள். அவள் நான்கு வயது மகள் நான் எது கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொன்னாள். கார்டெரி என்கிற பாலர் பள்ளியில் அதுதான் பழக்கமாம். குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்டேன். “இந்தப் பாட்டி ஏன் வீட்டுக்குள்ள தொப்பி போட்டிருக்காங்கன்னு கேட்கிறா,” என்றாள் மீனா.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூர்ப் பக்கம், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, செக்கச்செவேல் என்று மணல் குன்று குன்றாகக் கிடக்கும் காடுதான் தேரி. ஆடி மாதக் காற்றில் குன்று இடம் மாறும். பாதி புறம்போக்கு, பாதி காப்புக்காடு. தனி ஆள் யாருக்கும் பட்டா கிடையாது. முள் நிறைந்த உடைமரம், பனை, முந்திரி என்று வெளியூரில் சொல்லும் கொல்லாமரம் நிற்கும். நட்சத்திர ஆமை உண்டு. நடுவில் மழைத்தண்ணீர் தங்கும் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, தருவை என்பார்கள். கோடையில் சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கு அதுதான் தண்ணீர்.

அங்கே மாடு மேய்ப்பவர்களுக்கும் மரம் வளர்ப்பவர்களுக்கும் ஓயாத சண்டை. நட்ட நாற்றை மாடு கடித்துவிடும். போட்ட முள்ளை மாட்டுக்காரர்கள் விலக்கிவிடுவார்கள். இந்தச் சண்டையில் நான் மரத்தின் கட்சி, ஒளிக்க ஒன்றுமில்லை. மொன்ட்ரியாலில் இருக்கும் ஓர் அறக்கட்டளை, தேரியின் ஒரு பெரிய துண்டைக் கம்பிவேலி போட்டுக் காக்கப் பணம் தர முன்வந்தது. தருவையும் அந்த வேலிக்குள்தான் வரும். அதற்கான ஆய்வறிக்கையை எழுதியவள் நான். ஏழு குடும்பங்கள், முப்பத்தெட்டு மாடுகள். இவற்றுக்கு வேலிக்கு வெளியே இரண்டு சிமென்ட் தொட்டி கட்டினால் போதும் என்று எழுதியிருந்தேன். நான்காம் நாள் மத்தியானம் அவர்கள் குழு கூடி முடிவெடுக்கும். நான் அறிக்கையை விளக்கிப் பேசவேண்டும்.

இரண்டாம் நாள் ஒத்திகை. நகரத்துக்குள் அவர்கள் அலுவலகத்துக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மீனா என்னைப் பேருந்தில் ஏற்றி, மெத்ரோவில் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று கையில் பேனாவால் எழுதியே விட்டாள். மெத்ரோ ரயில் ரப்பர் டயரில் ஓடுகிறது. சத்தமும் இல்லை, உலுக்கலும் இல்லை, உள்ளே கதகதப்பு. ஊர் நேரப்படி எனக்கு அது சாயங்காலம் கழிந்த வேளை. அறிக்கையை ஒருமுறை புரட்டலாம் என்று மடியில் வைத்தேன், அவ்வளவுதான் தெரியும்.

யாரோ தோளைத் தொட்டார்கள். ஒரு பெண் குனிந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். இடம் கேட்கிறாள் போல என்று நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பெட்டி முழுவதையும் கையால் காட்டினாள். ஒரு ஆள் இல்லை. இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய், ஆறு தாண்டி, கடைசி நிறுத்தமே வந்துவிட்டது. எதிர் ரயில் ஏறியிருந்தால் தீர்ந்தது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. வெளியே போய் டாக்சி பிடிக்கலாம் என்று படியேறினேன். பனிச்சேற்றில் செருப்பு மாதிரி ஒரு ஷூவோடு பத்து நிமிடம் தப்புத்தப்பாக நடந்து, கால்விரல் ஒவ்வொன்றாக விடைபெற்ற பிறகு, ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

பால், பீர், லாட்டரிச் சீட்டு, வாசலில் பனிக்குத் தூவும் உப்பு வரை விற்கும் மூலைக்கடையை இங்கே தெப்பன்னர் என்கிறார்கள். ஹீட்டர் பக்கத்தில் நின்று, “கடவுளே, இது எந்த ஊர்னே தெரியலையே,” என்று எனக்கு நானே முனகினேன்.

“லவால், அக்கா,” என்றது கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ. கால் விறைச்சுப்போச்செல்லே.”

அவர் பெயர் சிவநேசன். ஐம்பதைத் தாண்டியவர். காதை மூடிய கம்பளித் தொப்பி, அதன் மேல் மூக்குக்கண்ணாடி. நான் கேட்காமலே ஸ்டூல் வந்தது, இஞ்சி போட்ட தேத்தண்ணீர் வந்தது, சூடாக இரண்டு மட்டன் ரோல்ஸ் வந்தன. அலுவலகத்துக்குத் தன் தொலைபேசியிலேயே கூப்பிட்டு, நான் வரத் தாமதமாகும் என்று பிரெஞ்சில் சொல்லியும் விட்டார். முன்பின் தெரியாதவளுக்கு ஒரு மனிதர் இவ்வளவு செய்வாரா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

“என்ன அலுவலா வந்தனீங்கள்?” என்று கேட்டார்.

சொன்னேன். எனக்கு என் அறிக்கையைப் பற்றிப் பேசப் பிடிக்கும். தேரி, ஆமை, வேலி, ஏழு குடும்பம், ஒவ்வொரு வீடாகப் போய் நானே கேட்டு எழுதிய முப்பத்தெட்டு மாடு எல்லாம் சொன்னேன்.

அவர் லாட்டரிச் சீட்டுகளை அடுக்குவதை நிறுத்தினார். “மாட்டுக்காரனிட்டப் போய் எத்தினை மாடு எண்டோ கேட்டனீங்கள்?”

“ஆமா.”

“அவன் சொன்னவனோ?”

“சொன்னாரே. எழுதியிருக்கேன்.”

“சொல்லியிருக்கமாட்டான், அக்கா. உங்களைப் போகச் சொல்லியிருக்கிறான்.” சிரிக்காமல்தான் சொன்னார். “எங்கட ஐயா வன்னியில பட்டி வைச்சிருந்தவர். ஆர் கேட்டாலும் ‘நிக்குது கொஞ்சம்’ எண்டுதான் சொல்லுவார். கவுண்மேந்து ஆக்கள் வந்தா அஞ்சு, ஆறு எண்டுவார். எண்ணிச் சொன்னா குறைஞ்சுபோகும் எண்டு பயம். அம்மாவுக்குக்கூடச் சொல்லமாட்டார்.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. ஒன்றரை வருட உழைப்பை ஒரு மனிதர் ரோல்ஸ் ஆறுகிற நேரத்தில் தூக்கிப் போடுகிறார். “அது உங்க ஊர் வழக்கமா இருக்கும். எங்க ஊர்ல கேட்டா சொல்லுவாங்க,” என்றேன்.

“ஓம், ஓம்,” என்றார். அந்த ஓம் சம்மதம் இல்லை என்பது எனக்கே புரிந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். வம்படியாக ஒரு பால் டப்பாவாவது வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மெத்ரோ வாசல் வரை தொப்பியோடு கூடவே வந்து வழி காட்டினார்.

திரும்பும் ரயிலில் தூக்கம் வரவில்லை. இசக்கிமுத்து அண்ணாச்சி ஞாபகத்துக்கு வந்தார். தேரி மாட்டுக்காரர்களில் மூத்தவர்; நான் கேட்டபோது அவர் பதில் எப்படி வந்தது என்று யோசித்தேன். “பத்து... இல்ல, ஆறுன்னு எழுதிக்கிடுங்க, டீச்சரம்மா,” என்றார். எழுதிக்கிடுங்க என்றாரே தவிர, இருக்கு என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தொழுவத்தைப் பார்த்துச் சுற்றிப் போட்டார். கண்ணேறு கழிக்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கையில் ஏதோ தூசு என்று நினைத்துக்கொண்டேன். நான் பாளையங்கோட்டையில் தாசில்தார் மகளாக வளர்ந்தவள். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பால் பாத்திரம்.

போதாக்குறைக்குத் தருவைக் கரை. அங்கே குளம்படி பதிந்து, கரை ஒரு பேருந்து இறங்கும் அகலத்துக்குச் சரிந்து கிடந்ததை நானே பார்த்தேன். அதை ‘மண் அரிப்பு’ என்று எழுதினேன். உச்சிவெயிலில் போனேன், மாடெல்லாம் உடைமர நிழலில் சிதறிக் கிடந்தன, அலைந்து எண்ண அலுப்பு. சொன்னதை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இதை இங்கே ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காபி கொடுத்து, ஈரக் காலுறையை ஹீட்டரில் காயப்போட்டுக்கூடத் தந்தார்கள். குழுத் தலைவர் ஆறடி உயரம், தழைந்த குரல். என் அறிக்கையின் ஒரு பக்கத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, “இந்த எண்தான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. இவ்வளவு குறைந்த மாடுகள் என்றால் யாருக்கும் துன்பமில்லை அல்லவா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். திரையில் முப்பத்தெட்டு என் தலையை விடப் பெரிதாக நின்றது. நான் தலையாட்டினேனா இல்லையா என்று இப்போதும் நினைவில்லை.

மூன்றாம் நாள் பனி கொட்டியது. இங்கே பனி பெய்வதற்கு ஓசையே இல்லை. எங்கள் ஊரில் மழை என்றால் தகரக் கூரைகள் ஊரையே கூட்டும். மீனா விடுப்பு எடுத்திருந்தாள். புட்டின் தின்னாமல் ஊருக்குப் போகக் கூடாது என்று இழுத்துக்கொண்டு போனாள். உருளைக்கிழங்கு வறுவல் மேல் குழம்பை ஊற்றி, பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தூவித் தருகிறார்கள். கட்டியைக் கடித்தால் பல்லில் கிறீச் என்கிறது. வறுவலை எதற்கு ஊறவைக்கிறார்கள் என்று குறை சொல்லிக்கொண்டே முழுத் தட்டையும் காலி பண்ணினேன். திரும்பும் வழியில் பேருந்து சறுக்கிச் சாலையோரப் பனிக்குவியலில் செருகிக்கொண்டது. ஓட்டுநர் எழுந்து ஏதோ சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். “வசந்த காலத்தை வரவேற்கிறோம்னு சொல்றார்,” என்று மீனா மொழிபெயர்த்தாள்.

இதற்கெல்லாம் முன்னால், காலையிலேயே, இசக்கிமுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டிருந்தேன். நேராகவே கேட்டேன். “அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க. எத்தனை உருப்படி இருக்கு?”

“அதான் எழுதிட்டுப் போனீகள்லா. பொறவு என்ன?”

“கூட இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.”

“இருக்கும்போது இருக்கும், டீச்சரம்மா.”

வேலி வரப்போகிறது என்றேன். தருவை உள்ளே போய்விடும், வெளியே தொட்டி கட்டுவார்கள் என்றேன்.

“எத்தன தொட்டி?”

“ரெண்டு.”

அந்தப் பக்கம் ஓர் ஆடு கத்துவது மட்டும் கேட்டது. அப்புறம், “ரெண்டு தொட்டி,” என்று மெதுவாகச் சொன்னார். “சித்திர வெயில்ல ரெண்டு தொட்டி. சரி. சாத்தா பாத்துக்கிடுவாரு.” அப்போதும் எண்ணைச் சொல்லவில்லை. தண்ணீர் போனாலும் போகட்டும், எண்ணிக்கை வாயைத் தாண்டக் கூடாது. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். போனை வைத்த பிறகு மீனா தந்த காபியை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாடுகள் கூடுதல் என்று நானே குழுவிடம் சொல்லலாம். எவ்வளவு என்று கேட்பார்கள். தெரியாது என்றால், உங்கள் எண்ணை நீங்களே மறுக்க என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். “மேடம், அந்தக் கடைக்காரரையே போய்க் கேளுங்களேன். அவருக்குத்தானே தெரிஞ்சிருந்தது,” என்றாள் மீனா. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவள் இவள்.

நான்காம் நாள் காலை எட்டுக்கு முன்பே லவாலுக்குக் காரில் கொண்டு விட்டாள். சிவநேசன் வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “இண்டைக்கும் நித்திரை கொண்டிட்டியளோ?” என்றார்.

“இல்ல. இன்னைக்கு வேணும்னே வந்தேன். நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு ஒரு வழி சொல்லுங்க,” என்றேன். இப்படி யாரிடமும் நான் லேசில் சொல்வதில்லை. என் கணவரைக் கேட்டால் தெரியும்.

அவர் கேலி பண்ணவில்லை. கதை முழுக்கக் கேட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, “உங்கட ஊரில இப்ப மாடு அடையிற நேரமெல்லே,” என்றார். “எத்தினை எண்டு கேட்கக் கூடாது, அக்கா. எது வரேல்லை எண்டு கேட்கோணும். அது கண்ணூறில்லை, அக்கறை. ஐயாட்ட அயலவை அப்பிடித்தான் கேட்பினம். கேட்டா அவர் ஒவ்வொண்டாச் சொல்லத் தொடங்கிவிடுவார்.”

கல்லாவில் பில் அடிக்கிற காகிதச் சுருளைக் கழற்றி, பேனாவோடு உட்கார்ந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். இசக்கிமுத்து அண்ணாச்சி எடுத்தார். பின்னால் மணிச் சத்தம், யாரோ ஹேய் ஹேய் என்று விரட்டும் சத்தம்.

“தருவையிலயா இருக்கீங்க, அண்ணாச்சி?”

“ஆமா. தண்ணி காட்டுதோம்.”

“எல்லாம் வந்துட்டா? எது வரல?”

அண்ணாச்சியின் குரலே மாறிவிட்டது. “ஏன் கேக்கிய, கூளவாலி இன்னும் வரல. செவல வந்துட்டா. அவ மவளும் வந்துட்டா. சுட்டி அந்தா நிக்கா. ஒத்தக்கொம்பி வந்துட்டா, மயில வந்துட்டா. போலீஸ்காரி எப்பவும் மொத ஆளு. தபால்காரனைத்தான் காணும், ஊர் சுத்திட்டு இருட்டினப் பொறவுதான் வருவான்...”

சிவநேசனின் பேனா ஓடியது. கூளவாலி, செவலை, செவலை மகள், சுட்டி என்று ஒரு பெயருக்கு ஒரு வரி. அண்ணாச்சி நிறுத்தவே இல்லை. எவளுக்குக் கால் நொண்டுகிறது, எவள் சினை, எவள் யாரோடு சேர மாட்டாள் என்று எல்லாம் வந்தது. தன் மாடு முடிந்ததும் போனைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். “டீச்சரம்மா கேக்காவ, ஒங்க மாட்டுல எது வரலன்னு சொல்லு.” அவர் சொன்னார். அவருக்குப் பின் அடுத்தவர். சாயங்காலத்தில் ஏழு குடும்பமும் தருவையில்தான் கூடுகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காகிதம் மேஜையிலிருந்து வழிந்து தரையில் சுருண்டது.

நடுவில் ஒரு வயதானவர் பாலோடு வந்து நின்றார். “போன்ஜூர்,” என்றார். சிவநேசன் நிமிராமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவர் பாலைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் சேர்ந்தார்கள். வரிசை முணுமுணுக்கவே இல்லை. என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “மாடு வீட்டை வருது, கொஞ்சம் பொறுங்கோ எண்டனான். நெடுகக் கடைக்கு வாற ஆக்கள்தானே,” என்றார் சிவநேசன்.

கடைசியில் போன் மறுபடி அண்ணாச்சியிடம் வந்தது. “அந்தா, கூளவாலி வாரா,” என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “டீச்சரம்மா, எண்ணிராதீக,” என்றார்.

“எண்ணல, அண்ணாச்சி. சத்தியமா.”

சத்தியம் பண்ணிவிட்டேன், மீற முடியாது. காகிதத்தை எண்ணாமலே சுருட்டிப் பையில் வைத்தேன். சிவநேசன் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஐயான்ர பட்டி ஒரு கணக்கிலயும் வரேல்லை,” என்றார். “சண்டைக்க வெளிக்கிடேக்க கண்டுகளை அவிட்டுவிட்டிட்டு வந்தனாங்கள். பேந்து நிவாரணத்துக்கு ஒரு படிவம் தந்தவை. இழந்த மாடு எத்தினை எண்டு ஒரு பெட்டி இருந்தது. ஐயா மற்றதெல்லாம் நிரப்பினார். அந்தப் பெட்டியை மட்டும் வெறுமையா விட்டிட்டார். வெறுமையா இருந்தா அங்க ஒண்டும் இல்லை எண்டுதானே அர்த்தம்.” எழுந்து, பாலோடு நின்ற பெரியவருக்குப் பில் போட்டார். “நீங்கள் உங்கட ஆக்களின்ர பெட்டியை வெறுமையா விட்டிடாதைங்கோ.”

அதனால்தான் அந்த மனிதர் கடையை நிறுத்திவைத்து எழுதினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை முழுக்க உப்பு.

மத்தியானம் குழு கூடியது. ஐந்து பேர், ஒரு நீண்ட மேஜை, நடுவில் மேப்பிள் சர்க்கரை பிஸ்கட். தலைவர் திரையில் முப்பத்தெட்டைப் போட்டார். நான் எழுந்து, அது தவறு என்றேன். கேட்கக் கூடாத விதத்தில் கேட்டேன், அவர்கள் மரியாதைக்கு ஏதோ சொல்லி அனுப்பினார்கள், நானும் எழுதிவிட்டேன், பிழை என்னுடையது என்றேன். முப்பது வருட வாத்தியார் வேலையில் நான் இப்படி நின்றதில்லை. பிறகு பையிலிருந்து காகிதச் சுருளை எடுத்து மேஜை மேல் விரித்தேன். பிஸ்கட் தட்டைத் தாண்டி அந்தக் கோடிவரை ஓடி, கீழே தொங்கியது.

“எவ்வளவு?” என்று கேட்டார் ஒருவர்.

“எண்ண மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெயர்கள் இருக்கின்றன,” என்றேன். ஒன்றிரண்டு பெயருக்கு அர்த்தம் சொன்னேன். ஊர் சுற்றும் காளைக்குத் தபால்காரன் என்று பெயர் என்றதும் சிரித்தார்கள். தலைவர் எழுந்து வந்து விரலை முதல் வரியில் வைத்தார். விரல் கீழே கீழே போனது. உதடும் அசைந்தது, எண்ணுகிறார். பாதிவழியில் என்னை ஒருமுறை பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

“முப்பத்தெட்டு இல்லை. அது தெரிகிறது,” என்றார்.

ஆமைக்காகவும் நான் பேசினேன். கிழக்கு மேட்டில்தான் ஆமைகள் முட்டையிடும், நாற்றும் அங்கேதான் பிடிக்கிறது, அதை அடைத்தாக வேண்டும். தருவையும் அதற்குப் போகும் மேற்கு வழியும் திறந்திருக்க வேண்டும். மாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து மறுபடி வரைபடம் போடுகிறேன், அதுவரை ஒரு கம்பியும் நட வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பேச்சு பிரெஞ்சில் கொஞ்சம் சூடாகவே ஏறி இறங்கியது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். என் முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டேன். கௌரவக் குறைச்சல்தான். ஆனால் வெளியே வந்து அந்தக் குளிரில் நின்றபோது, இந்த ஊரில் என்னைத் தூங்கவிட்ட ரயிலுக்கும் தட்டி எழுப்பிய பெண்ணுக்கும் கும்பிடு போடலாம் என்றிருந்தது. நீங்களும் அந்த எண்ணிக்கையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே தெரியாது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். தருவைக்கு வழி இருக்கும் என்றதும், “அப்ப தொட்டி?” என்று கேட்டார். “தொட்டியும் கேட்டு வாங்கித் தாரேன்,” என்றேன். “வரட்டும், ஆடு குடிக்கும்,” என்றார் சாவகாசமாக.

ஊருக்குக் கிளம்பும் நாள் விமானம் சாயங்காலம்தான். காலையில் தனியாக மெத்ரோ ஏறி, தூங்காமல், லவாலில் இறங்கினேன். மீனா வீட்டில் நானே சுட்ட முறுக்கு ஒரு டப்பா. சிவநேசன் ஒன்றைக் கடித்து, “கொஞ்சம் உப்புக் கூட,” என்றார். வாசலுக்குத் தூவலாம் என்றேன். சிரித்தார். குழுவில் நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டார். தலைவர் விரலைப் பாதியில் எடுத்த இடத்தை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்.

கல்லாவில் புதுச் சுருள் மாட்டியிருந்தது. நான் எட்டி அதன் நுனியை இழுத்து, அவர் பேனாவை எடுத்துக்கொண்டேன். கேட்கலாமா, வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு கேட்டேன். “உங்க ஐயா பட்டியில எது வரல, தம்பி?”

அவர் முறுக்கைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்டும் வரேல்லை, அக்கா,” என்றார். கொஞ்ச நேரம் பீர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளைச்சி,” என்றார் பிறகு. “வெள்ளைச்சி வரேல்லை. அவளின்ர கண்டு நெத்திச்சுட்டி வரேல்லை. கட்டையன் வரேல்லை. சிவப்பி...”

அன்று பால் வாங்க வந்த அதே பெரியவர் உள்ளே வந்தார், எங்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் ஒரு பெயருக்கு ஒரு வரியாக எழுதிக்கொண்டே போனேன். எண்ணவில்லை.